அந்த ஏழு பக்கங்களைத் திருப்பித் தாருங்கள்

மதிப்பிற்குரிய தமிழ்ப் பதிப்பாளர்களுக்கு,

வணக்கம். பழைய தமிழ் நூல்களை மறுபதிப்பாகக் கொண்டுவரும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். ஒரே ஒரு பதிப்பகம் செய்கிற தவறாக இருந்தால் அவர்களுக்குத் தனியாகக் கடிதம் போட்டு முடித்திருப்பேன். என் அலமாரியில் உள்ள மறுபதிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்த பிறகுதான் எல்லோருக்கும் எழுத வேண்டும் என்று தோன்றியது.

சென்ற மாதம் எங்கள் வாசகர் வட்டத்தில் 1970களில் வந்த ஒரு நாவலைப் பேச எடுத்துக்கொண்டோம். பல வருடமாகக் கிடைக்காமல் இருந்து இப்போது மறுபதிப்பு வந்திருக்கிறதே என்ற சந்தோஷத்தில் பன்னிரண்டு பேர் வாங்கினோம். பேச்சு நடுவில் கல்லூரியில் படிக்கும் ஒரு பெண், "இதுல வர்ற பாட்டி நெசமாவே இருந்தவங்களா சார்?" என்று கேட்டாள். நான் கொஞ்சமும் யோசிக்காமல், "அதுதான் முன்னுரையிலேயே இருக்கேம்மா, பாருங்க" என்றேன். எல்லோரும் முதல் பக்கத்துக்குப் போனார்கள். தலைப்புப் பக்கம், உரிமைப் பக்கம், ஒன்றரைப் பக்கப் பதிப்புரை, அதற்கு அடுத்து நேராக அத்தியாயம் ஒன்று. முன்னுரை இல்லை. பின்னால் போட்டிருப்பார்களோ என்று கடைசிப் பக்கம் வரை புரட்டினோம். அங்கேயும் இல்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பொய் சொல்லி மாட்டிக்கொண்டவனைப்போல உட்கார்ந்திருந்தேன்.

அந்த முன்னுரை ஏழு பக்கம். என்னிடம் இருக்கும் பழைய பிரதியில் அதைப் பலமுறை படித்திருக்கிறேன். அந்தப் பாட்டியைத் தேடி ஆசிரியர் மூன்று தடவை போகிறார். முதல் இரண்டு தடவையும் பாட்டி வாயே திறக்கவில்லை. மூன்றாவது தடவை குறிப்பெடுக்கும் நோட்டை வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டுப் போகிறார், அன்றைக்குத்தான் பாட்டி பேசுகிறாள். எழுதி முடித்த அத்தியாயங்களைப் பாட்டிக்கு வாசித்துக் காட்டியபோது, "நான் அழுதேன்னு யாரு சொன்னா?" என்று அவள் கேட்டாளாம். அந்த ஒரு கேள்விக்காகக் கடைசி அத்தியாயத்தை முழுக்கத் திருப்பி எழுதியதாக ஆசிரியர் சொல்கிறார். நாவலின் கடைசியில் அந்தக் கிழவி அழாமல் எழுந்து அடுப்படிக்குப் போகிறாளே, அது ஏன் என்பதற்கான விடை அந்த ஏழு பக்கத்தில் மட்டும்தான் இருக்கிறது. அதை எடுத்துவிட்டு நாவலை மட்டும் கையில் கொடுத்தால், இன்றைய வாசகர் அந்த முடிவை ஆசிரியரின் கைவண்ணம் என்றுதான் நினைப்பார். அது அந்தப் பாட்டி கேட்டு வாங்கிய முடிவு.

சரி, உன்னிடம்தான் பழைய பிரதி இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. அதில் முன்னுரையின் மூன்றாம் பக்கம் கீழ் மூலையோடு கிழிந்து போயிருக்கிறது. கடைசி நான்கு வரிகள் இல்லை. பாட்டியிடம் தன்னை முதலில் அழைத்துப்போனது யார் என்று ஆசிரியர் சொல்லத் தொடங்குகிற இடம் அது. பெயர் வருவதற்கு முன்னால் தாள் முடிந்துவிடுகிறது. நான் புதுப் பதிப்பை வாங்கியதே அந்த நான்கு வரிக்காகத்தான்.

கூட்டம் முடிந்த பிறகு மூன்று நூலகங்களுக்குப் போனேன். இரண்டு இடத்தில் பழைய பதிப்பு கிடைத்தது, ஆனால் இரண்டும் பக்கம் ஒன்பதிலிருந்து தொடங்குகின்றன. முன்பக்கங்கள் பிய்ந்துபோன பிறகு மிச்சத்தைச் சேர்த்துக் கனமான அட்டை போட்டு பைண்டு செய்திருக்கிறார்கள். மூன்றாவது நூலகத்தில் பட்டியலில் பெயர் இருந்தது, அடுக்கில் புத்தகம் இல்லை.

தயவுசெய்து இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். ஒரு பழைய புத்தகத்தில் முதலில் போவது முன்பக்கங்கள்தான். அட்டை கழன்றதும் காற்றும் கையும் படுவது அந்த முதல் சில தாள்களின் மேல். ஓரம் மடங்கி, மடிப்பில் விரிசல் விட்டு, அவை தனியே வந்துவிடும். நூலகத்தில் பைண்டு செய்கிறவர் மிச்சத்தைக் காப்பாற்றுவார். பெரும்பாலான நூல்களில் முன்னுரை அந்தத் தாள்களில்தான் இருக்கிறது. பழைய பிரதியில் கிழிந்துபோன பக்கங்களுக்குப் புதுப் பதிப்பை விட்டால் வேறு போக்கிடம் கிடையாது. அங்கேயும் நீங்கள் அதை விட்டுவிட்டால் அந்தப் பக்கங்கள் இந்த உலகத்தில் இல்லை என்று ஆகிவிடுகிறது. நாவலின் நடுவில் ஓர் அத்தியாயத்தை எடுத்துவிட்டு அச்சடிக்க உங்களில் ஒருவருக்காவது மனம் வருமா? முன்னுரையும் அதே ஆசிரியர் அதே பேனாவால் எழுதியதுதானே?

நமக்கு இது புதிய பாடமும் இல்லை. 'ஆயிரம் முகத்தான் அகன்ற தாயினும் பாயிரம் இல்லது பனுவல் அன்றே' என்று நன்னூல் சொல்கிறது. எவ்வளவு விரிந்த நூலானாலும் பாயிரம், அதாவது முன்னுரை, இல்லாவிட்டால் அது நூலே இல்லை என்று இதைவிடக் கறாராக எப்படிச் சொல்வது? நூலை எழுதியவர் யார், எந்த வழியில் வந்தது, எதைப் பற்றியது, யாருக்காக என்று பாயிரம் சொல்ல வேண்டியவற்றை அடுக்கிவிட்டு, காலம், களம், காரணம் என்ற மூன்றையும் சேர்ப்பவர்கள் உண்டு என்றும் நன்னூலார் சொல்கிறார். எப்போது, எங்கே, ஏன். எங்கள் வாசகர் வட்டத்துப் பெண் கேட்டதும் இதைத்தான்.

தொல்காப்பியத்துக்குப் பனம்பாரனார் எழுதிய பாயிரம் 15 வரிதான். நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் முன்னிலையில் அந்த நூல் ஆராயப்பட்டது என்பதும், எழுதியவர் தொல்காப்பியன் என்று பெயர் கொண்டவர் என்பதும் அதில்தான் இருக்கின்றன. ஏடு பெயர்த்து எழுதிய யாரோ ஒருவர், இது நூல் இல்லை, முன்னால் ஒட்டிக்கொண்டிருப்பதுதானே என்று தாண்டிப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவர்கள் தாண்டவில்லை. பனையோலையில் ஒவ்வோர் எழுத்தாகக் கீறி எழுத வேண்டியிருந்தும் தாண்டவில்லை.

அச்சு வந்த பிறகும் அப்படித்தான். உ. வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது, ஏட்டுப் பிரதிகள் எங்கிருந்து யாரிடமிருந்து கிடைத்தன என்பதை நன்றியோடு பதிவு செய்தார். தமக்கு ஏடு தந்தவர்களைக் காலம் மறந்துவிடக் கூடாது என்று அவருக்கு அவ்வளவு கவலை. சி. வை. தாமோதரம் பிள்ளை 1887இல் கலித்தொகைக்கு எழுதிய பதிப்புரையில், ஏட்டைக் கையில் எடுத்தால் ஓரம் உதிர்வதையும், கட்டை அவிழ்த்தால் இதழ் முறிவதையும், புரட்டினால் துண்டு துண்டாகப் பறப்பதையும் சொல்கிறார். அந்த மூலை கிழிந்த பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் நினைத்துக்கொண்டது அவரைத்தான்.

1879இல் அச்சில் வந்த பிரதாப முதலியார் சரித்திரத்தை மாயூரம் வேதநாயகம் பிள்ளை ஏன் எழுதினார்? தமிழில் உரைநடை நூல்கள் இல்லாத குறையைப் போக்க என்று அவரே முன்னுரையில் சொல்கிறார். 1891இல் மனோன்மணீயத்தை வெளியிட்ட சுந்தரம் பிள்ளை, ஆங்கிலத்தில் லிட்டன் பிரபு எழுதிய ஒரு கதையிலிருந்து தம் நாடகத்தின் கதையை எடுத்துக்கொண்டதை மறைக்காமல் முன்னுரையில் சொல்லிவிடுகிறார். யோசித்துப் பாருங்கள். அந்த முன்னுரையை எடுத்துவிட்டு நாடகத்தை மட்டும் அச்சடித்தால், நாளைக்கு லிட்டனைப் படிக்கிற ஒரு பையன் சுந்தரம் பிள்ளையைத் திருடன் என்று எழுதுவான். தன் நேர்மையை அந்த மனிதர் எழுதி வைத்த இடமே அதுதான். 'எளிய பதங்கள், எளிய நடை' என்ற பாரதியின் வார்த்தைகளை மேடைக்கு மேடை சொல்கிறோம். அவையும் 1912இல் வந்த பாஞ்சாலி சபதத்தின் முகவுரையில் இருப்பவை. கவிதைக்குள் தேடினால் கிடைக்காது. உப்பளத்துக்கும் கடற்கரைக்கும் நேரில் போய் எழுதிய ராஜம் கிருஷ்ணனின் முன்னுரைகளை விட்டுவிட்டால், அவருடைய நாவல்களுக்குப் பின்னால் இருந்த உழைப்பு இன்றைய வாசகருக்கு எப்படித் தெரியும்?

நான் சொல்வது இதுதான். மறுபதிப்பு என்றால் ஆசிரியரின் முன்னுரையும் சேர்ந்ததுதான். அதைப் போடுங்கள்.

அந்த நாவலை வெளியிட்டவர்களைத் தொலைபேசியில் கேட்டேன். பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார், அதைச் சொல்லிவிடுகிறேன். பாரக் கணக்கு (ஒரே பெரிய தாளில் சேர்த்து அச்சடிக்கும் பக்கங்களின் தொகுதிதான் பாரம்) சரியாக வரவில்லை, முன்னுரையைச் சேர்த்தால் இன்னொரு பாரம் ஓட்ட வேண்டியிருக்கும் என்றார். அதற்குப் பிறகு, "முன்னுரையெல்லாம் இப்போ யாருங்க படிக்கிறாங்க?" என்றும் கேட்டார். தாள் விலை எனக்கும் தெரியும். ஒரு பாரம் கூடினால் செலவு எவ்வளவு ஏறும் என்று நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அதே புத்தகத்தில் ஒன்றரைப் பக்கம் பதிப்புரை இருக்கிறது. பின்னால் ஐந்து பக்கத்துக்கு உங்கள் மற்ற வெளியீடுகளின் பட்டியல் இருக்கிறது. அவற்றுக்கெல்லாம் கிடைத்த இடம், நூலை எழுதியவருக்குக் கிடைக்கவில்லை. யார் படிக்கிறார்கள் என்ற கேள்விக்கும் பதில் சொல்கிறேன். அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் பன்னிரண்டு பேர் தேடினோம்.

சொல்லத் தொடங்கினால் இது முன்னுரையோடு நிற்கவில்லை. உரிமைப் பக்கத்தில் 'முதல் பதிப்பு' என்று சென்ற வருடத்தைப் போடுகிறீர்கள். ஐம்பது வருடத்துக்கு முன்னால் வந்த நூல் அது. உங்கள் பதிப்பகத்தில் முதல் பதிப்பு என்று வேறு எங்கேயாவது விளக்கினாலும் பரவாயில்லை, அதுவும் இல்லை. இன்று இருபது வயதில் இருக்கிற ஒருவர் அதைப் படித்துவிட்டு, ஆசிரியருக்கு ஏன் கைப்பேசி பற்றித் தெரியவில்லை என்று கேட்கிற நிலைமை வருகிறது. ஆசிரியர் முன்னுரையின் அடியில் ஊரும் தேதியும் போட்டுக் கையெழுத்திட்டிருப்பார், அதுவாவது இருந்தால் காலம் தெரியும், அதையும் எடுத்துவிடுகிறீர்கள். சில நூல்களில் பிற்காலத்துப் பிரமுகர் ஒருவரின் அணிந்துரை மட்டும் முழுசாக இருக்கிறது. இரண்டாம் பதிப்பு, மூன்றாம் பதிப்புக்கு ஆசிரியர் எழுதியவை போன இடமே தெரியவில்லை. ஒவ்வொரு பதிப்பிலும் அவர் எதைத் திருத்தினார், எந்த விமர்சனத்துக்குப் பதில் சொன்னார் என்பது அதில்தானே இருக்கும்? ஆசிரியர் காலமாகி 60 ஆண்டு முடிந்தாலோ, அரசு நாட்டுடைமை ஆக்கினாலோ யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். நல்ல ஏற்பாடுதான், அதனால்தான் பல நூல்கள் இன்று எங்கள் கைக்கு வருகின்றன. ஆனால் ஆசிரியரும் இல்லை, கேட்க வாரிசும் இல்லை என்றால் எதை வேண்டுமானாலும் குறைக்கலாம் என்று ஆகிவிடக் கூடாது. அந்த இடத்தில் நின்று கேட்க வேண்டியவர்கள் வாசகர்கள்தான்.

குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் இல்லாவிட்டால் இந்த நூல்கள் எங்களுக்குக் கிடைத்திருக்காது என்பது எனக்குத் தெரியும். பழைய பதிப்புகளைத் தேடிப்பிடித்து, ஆசிரியர் முன்னுரைகளை எல்லாம் பின்னிணைப்பில் வரிசையாகத் தேதியோடு கொடுக்கும் பதிப்பாளர்களும் உங்களில் இருக்கிறார்கள். அவர்கள் நூலைக் கையில் எடுக்கும்போது வருகிற நிம்மதியை எல்லா நூலிலும் எதிர்பார்க்கிறேன், அவ்வளவுதான்.

ஆகவே பணிவோடு கேட்கிறேன். மறுபதிப்பு செய்யும்போது ஆசிரியர் எழுதிய முன்னுரைகளை, ஊர், தேதியோடு அப்படியே போடுங்கள். இடம் இல்லை என்றால் எழுத்தின் அளவைக் குறைத்து நூலின் கடைசியில் போடுங்கள், நாங்கள் கண்ணாடி போட்டுப் படித்துக்கொள்கிறோம். எவ்வளவு தேடியும் முன்னுரை கிடைக்கவில்லை என்றால், 'முதல் பதிப்பின் முன்னுரை கிடைக்கவில்லை' என்று உரிமைப் பக்கத்தில் ஒரே ஒரு வரி சேருங்கள். அப்படி ஒன்று இருந்தது என்றாவது அடுத்து வருகிறவர்களுக்குத் தெரியும், யாராவது தேடுவார்கள்.

என் பிரதியில் உள்ள ஏழு பக்கத்தையும் நானே தட்டச்சு செய்து, இரண்டு முறை மெய்ப்புப் பார்த்து வைத்திருக்கிறேன். மூன்றாம் பக்கத்தில் நான்கு வரிக்குப் புள்ளி வைத்திருக்கிறேன். அந்த நாவலை வெளியிட்டவர்களுக்கு அதை அனுப்பிவிட்டேன், அடுத்த அச்சில் சேர்க்க எந்தக் கட்டணமும் வேண்டாம். எந்தப் பிரதியைப் பார்த்து அச்சுக்கோத்தார்களோ அது அவர்கள் அலுவலகத்தில் எங்காவது இருக்கும். தயவுசெய்து அதைத் தேடி எடுத்து, மூன்றாம் பக்கத்தின் கீழ்ப்பகுதியை மட்டும் ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். அந்தப் பெண் அடுத்த கூட்டத்துக்கும் வருவாள். பாட்டியிடம் ஆசிரியரை அழைத்துப்போனது யார் என்று கேட்டிருக்கிறாள்.

அன்புடன்,
ஒரு வாசகன்