சப்ரிசா கழகத்தை வளர்த்தது பணமா? கட்டுரைக்கு ஒரு மறுப்பு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், கோஸ்டாரிகா நாட்டின் சப்ரிசா கால்பந்துக் கழகத்தைப் பற்றி வெளிவந்த கட்டுரையை ஆர்வத்தோடு வாசித்தேன். ஐரோப்பாவின் நான்கைந்து பெரிய கழகங்களைத் தாண்டி எதையும் பேசாத நம் விளையாட்டுப் பக்கங்களில், நடு அமெரிக்காவின் ஒரு சிறிய நாட்டுக் கழகத்துக்கு அரைப் பக்கம் ஒதுக்கியதற்கே தங்களைப் பாராட்ட வேண்டும். ஆயினும், மெக்சிகோ நாட்டுத் தொழிலதிபர் ஹோர்ஹே வெர்காரா 2003-இல் அக்கழகத்தை வாங்கியதையும், 2005-இல் அது உலகக் கழகப் போட்டியில் மூன்றாம் இடம் பெற்றதையும் அடுத்தடுத்து வைத்து, பணம் வந்தது, அதன் பின்னே வெற்றி வந்தது என்ற முடிவுக்குக் கட்டுரையாளர் வந்திருப்பது சரியன்று. அந்த முடிவு எங்கள் கடற்கரையில் எப்படிப் புரிந்துகொள்ளப்பட்டது என்பதைக் கண்ணால் கண்ட காரணத்தால், சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

வெர்காரா வருவதற்கு 68 ஆண்டுகளுக்கு முன்பே அக்கழகம் பிறந்துவிட்டது. 1935 ஜூலை 16 அன்று, தலைநகர் சான் ஹோசேயில், ரொபெர்த்தோ ஃபெர்னாண்டஸ் என்பவர் தம் பகுதிச் சிறுவர்களைச் சேர்த்து ஓர் அணியை அமைத்தார். அது கார்மேல் மாதா திருநாள் என்பதை எங்கள் கரையோர வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அணி இருந்தது, ஆனால் பந்தும் உடையும் இல்லை. அவற்றுக்காக அவர்கள் அணுகிய மனிதர்தாம் ரிக்கார்டோ சப்ரிசா. கேட்டதை அவர் கொடுத்தார். நன்றிக்கடனாக அவருடைய பெயரையே அணிக்குச் சூட்டினார்கள்.

இந்த சப்ரிசாவைத் தங்கள் கட்டுரை 'ஒரு செல்வந்தர்' என்ற ஒற்றைச் சொல்லோடு கடந்துவிட்டது. 1901-இல் எல் சால்வடோர் நாட்டில் பிறந்து, ஸ்பெயினின் பார்சிலோனா நகருக்குச் சென்று, அங்கே எஸ்பான்யோல் அணியின் தடுப்பாட்டக்காரராகப் பல ஆண்டுகள் ஆடியவர் அவர். புகழ்பெற்ற கோல்காப்பாளர் ரிக்கார்டோ சமோராவுக்கு முன்னால் நின்று ஆடிய அந்த அணி, 1929-இல் ரியல் மாட்ரிட்டை 2-1 என்று வென்று ஸ்பெயினின் கோப்பையைக் கைப்பற்றியது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் டென்னிஸ் விளையாட்டிலும் அவர் ஸ்பெயினுக்காகக் களமிறங்கினார். ஆட்டத்தை உள்ளிருந்து அறிந்த ஒருவர், தெருவில் விளையாடும் பிள்ளைகளுக்குப் பந்து வாங்கிக் கொடுத்ததையும், ஒரு முதலாளி கழகத்தை விலைக்கு வாங்கியதையும் ஒரே கணக்கில் எழுதுவது எனக்கு ஏற்புடையதாகப் படவில்லை.

இதற்குப் பிந்திய பதினான்கு ஆண்டுகளைத்தான் கட்டுரையாளர் முழுவதுமாக விட்டுவிட்டார். என் பார்வையில் அக்கழகத்தின் வரலாற்றிலேயே அதிகம் கவனிக்கத்தக்க காலம் அதுதான். சிறுவர் அணியாகத் தொடங்கிய சப்ரிசா, கீழ்ப் பிரிவுகளில் ஆடி ஆடி மேலேறி, 1949-இல்தான் முதல் பிரிவில் கால் வைத்தது. பத்து வயதில் அந்த அணியில் சேர்ந்த ஒரு பையனுக்கு அப்போது இருபத்து நான்கு வயது ஆகியிருக்கும். அவ்வளவு காலமும் அவர்களுக்குச் சொந்த மைதானம் கிடையாது. முதல் பிரிவுக்கு வந்த மூன்றே ஆண்டுகளில், அதாவது 1952-இல், நாட்டின் சாம்பியன் பட்டத்தை வென்றார்கள். மறு ஆண்டும் வென்றார்கள். பதினான்கு ஆண்டு உழைப்பு மூன்று ஆண்டில் விளைந்தது என்று கொள்வதே முறையாக இருக்கும். சிவப்பும் நீலமுமாக இருந்த உடை கலந்து ஊதாவாக மாறியதாகக் கழகத்தார் சொல்லும் கதையும் அந்தத் தொடக்கக் காலத்தைச் சேர்ந்ததே. இன்று அந்நாட்டில் ஊதா என்றாலே சப்ரிசாதான்.

1959-இல் அவர்கள் உலகைச் சுற்றி ஆடப் புறப்பட்டார்கள். ஐந்து கண்டங்களைத் தொட்டு, இருபதுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடித் திரும்பினார்கள். ஒரு சிறு நாட்டின் கழகம், அதுவும் முதல் பிரிவுக்கு வந்து பத்தே ஆண்டுகள் ஆன கழகம், அத்தகைய பயணத்துக்குத் துணிந்தது என்பதற்கு மேல் இதில் விளக்க ஒன்றுமில்லை. ஆனால் கட்டுரையில் இதற்கு ஒரு வரியாவது இருந்திருக்க வேண்டும்.

சொந்த மைதானம் 1972-இல்தான் அமைந்தது. தலைநகரை ஒட்டிய திபாஸ் பகுதியில் கட்டப்பட்டு, ரிக்கார்டோ சப்ரிசாவின் பெயரைத் தாங்கிய அந்த அரங்கம், ஆகஸ்ட் 27 அன்று குவாத்தமாலாவின் கொமுனிகாசியோனஸ் அணியோடு நடந்த ஆட்டத்துடன் திறக்கப்பட்டது. ஆட்டம் 1-1 என்று சமனில் முடிந்தது. அதே ஆண்டு தொடங்கி 1977 வரை, தொடர்ந்து ஆறு முறை சப்ரிசாவே நாட்டின் சாம்பியன். அணி பிறந்து 37 ஆண்டுகள் கழித்துத்தான் அதற்கென ஒரு மைதானம் கிடைத்தது என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன். பின்னர் 1993-இலும் 1995-இலும் வட, நடு அமெரிக்க, கரீபியன் நாடுகளின் சாம்பியன் கழகமாகவும் சப்ரிசா வாகை சூடியது. வெர்காராவின் பெயரை அந்நாட்டுக் கால்பந்து உலகம் அப்போது பேசத் தொடங்கியிருக்கவே இல்லை.

இனி 2003-க்கு வருகிறேன். கழகம் கடனில் சிக்கியிருந்த நிலையில் வெர்காரா அதை வாங்கினார், நிர்வாகம் சீரானது, அரங்கில் செயற்கைப் புல்தரை வந்தது. இவற்றை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் பணம் வந்தவுடன் வெற்றி வந்தது என்றால், 2004-இல் நடந்ததை என்னவென்று சொல்வது? அவ்வாண்டு கண்டக் கோப்பையின் இறுதியாட்டத்தில் சொந்த நாட்டுப் பரம எதிரியான அலாஹுவேலென்சே அணியிடம் இரண்டு ஆட்டங்களிலும் சேர்த்து 5-1 என்று சப்ரிசா தோற்றது. மறு ஆண்டு மெக்சிகோவின் பூமாஸ் அணியைச் சொந்த மண்ணில் 2-0 என்று வென்று, அங்கே போய் 1-2 என்று தோற்று, மொத்தத்தில் ஒரு கோல் கணக்கில் கோப்பையை எடுத்தது. பயிற்சியாளர் ஹெர்னான் மெட்ஃபோர்டு அதே கழகத்தின் முன்னாள் ஆட்டக்காரர். 1990 உலகக் கோப்பையில் சுவீடனுக்கு எதிராகக் கோஸ்டாரிகாவின் வெற்றி கோலை அடித்தவர்.

அந்த டிசம்பரில் ஜப்பானில் நடந்த உலகக் கழகப் போட்டியைத் தங்கள் கட்டுரை 'லிவர்பூலிடம் தோற்றாலும் மூன்றாம் இடம்' என்று முடித்துவிட்டது. லிவர்பூலிடம் 3-0 என்று தோற்றது உண்மையே. ஆனால் அதற்கு முன் சிட்னி அணியைக் கிறிஸ்தியன் பொலான்யோஸின் ஒரே கோலால் வென்றிருந்தார்கள். மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் சவுதி அரேபியாவின் அல் இத்திஹாத் அணிக்கு எதிராக முதலில் கோல் போட்டும், 85-ஆம் நிமிடம் வரை 1-2 என்று பின்தங்கி நின்றார்கள். அந்த நிமிடத்தில் கிடைத்த பெனால்டியை அல்வாரோ சபோரியோ கோலாக்கினார். நான்கு நிமிடங்களில் ரொனால்ட் கோமஸ் ஃப்ரீ கிக்கை நேராக வலைக்குள் அனுப்பி ஆட்டத்தை 3-2 என்று முடித்தார். கோமஸ் ஐரோப்பாவிலும் ஆடிப் பழுத்துத் திரும்பியவர்; அவரைக் கொண்டுவந்ததில் பணத்துக்குப் பங்கு இருந்திருக்கலாம். பொலான்யோஸும் சபோரியோவும் அப்படியல்லர். இருவரும் தொழில்முறை ஆட்டத்தைச் சப்ரிசாவிலேயே தொடங்கியவர்கள். சபோரியோ வெர்காரா வருவதற்கு முன்பே அந்த உடையை அணிந்தவர். அதே 2005-இல் அக்கழகத்தின் இளையோர் அணியிலிருந்து முதல் அணிக்கு வந்த ஒரு கோல்காப்பாளரைத் தங்கள் வாசகர்கள் எல்லோரும் அறிவார்கள்: கெய்லோர் நவாஸ். பின்னாளில் ரியல் மாட்ரிட்டோடு மூன்று முறை தொடர்ந்து ஐரோப்பிய சாம்பியன் பட்டம் வென்றவர் அவர்தாம். வெர்காராவோ 2011-இல் கழகத்தை உள்நாட்டு முதலீட்டாளர்களிடம் விற்றுவிட்டுப் போனார். கழகம் அதே பெயரோடு, அதே ஊதா உடையோடு ஆடிக்கொண்டுதான் இருக்கிறது.

இதையெல்லாம் நான் ஏன் இவ்வளவு வற்புறுத்த வேண்டும் என்று தாங்கள் கேட்கலாம். நீரோடி முதல் குளச்சல் வரையிலும், அதற்குக் கிழக்கேயும், எங்கள் கடற்கரையில் கால்பந்துக் கழகம் இல்லாத ஊர் அரிது. பங்குத் திருவிழாவை ஒட்டி மின்னொளியில் நடக்கும் சுழற்கோப்பை ஆட்டங்களுக்குக் கூடும் கூட்டத்தை, மாவட்ட நிர்வாகம் நடத்தும் எந்த விளையாட்டு விழாவிலும் நான் கண்டதில்லை. இரவிபுத்தன்துறையில் பிறந்த மைக்கேல் சூசைராஜ் சென்னை சிட்டி அணியிலும், பின்னர் ஜாம்ஷெட்பூர், கொல்கத்தா அணிகளிலும் ஆடியதை எல்லோரும் அறிவோம். ஆனால் மாலை நான்கு மணிக்குக் கரைக்குப் போனால் காண்பது வேறு. கடலரிப்பு தின்றது போக, தடுப்புக் கற்களுக்கும் சாலைக்கும் நடுவில் மிஞ்சிய மணல்தான் மைதானம். பழைய மூங்கில் கழிகளை நட்டு, கிழிந்த மீன்வலையை அதில் கட்டியிருப்பார்கள். பந்து தூண்டில் வளைவுக் கற்களுக்குள் போய்விட்டால், ஒரு பையன் இறங்கி எடுத்துவரும் வரை ஆட்டம் நிற்கும். இவ்வளவுக்கும் நடுவே பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் விடாமல் ஆடுகிறார்கள்.

தங்கள் கட்டுரை வெளிவந்த வாரத்தில், எங்கள் பகுதிக் கழகம் ஒன்றின் கூட்டத்துக்கு என்னை அழைத்திருந்தார்கள். ஓர் இளைஞர் அந்தப் பக்கத்தை எழுந்து வாசித்தார். வளைகுடாவில் இருக்கும் நம் ஆட்களில் யாராவது ஒருவர் பெருந்தொகை தர முன்வரும் வரை, சிறுவர் அணிக்குச் செலவழிப்பது வீண் என்றும், கையில் இருக்கும் பணத்தை வரும் திருவிழாக் கோப்பைக்கு வெளியூர் ஆட்டக்காரர்களை அழைத்துவரப் பயன்படுத்தலாம் என்றும் பேச்சு போனது. ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியன் என்ற முறையில் என் கருத்தைக் கேட்டார்கள். "அண்ணே, சப்ரிசாவே பணத்தில்தானே ஜெயித்தது" என்று அந்த இளைஞர் சொன்னபோது, 1935-இலிருந்து தொடங்கி மேலே எழுதியதையெல்லாம் அங்கே சொன்னேன். சிலர் ஏற்றார்கள், சிலர் பத்திரிகையில் வந்தது பொய்யா என்றார்கள். அச்சில் வந்ததற்கு அச்சில்தான் மறுமொழி இருக்க வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன்.

பணம் தேவையில்லை என்று நான் வாதிடவில்லை. பந்து வாங்க 1935-இலேயே அந்தச் சிறுவர்களுக்குப் பணம் தேவைப்பட்டது. நான் சொல்வது வரிசையைப் பற்றி மட்டுமே: அங்கே பிள்ளைகள் முதலில் வந்தார்கள், உதவி அடுத்து வந்தது, மைதானம் அதற்கும் பிறகு, முதலாளி கடைசியில். எங்கள் கரையில் அந்த வரிசையைத் தலைகீழாகப் பிடிக்கும் பழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. கோப்பைக்குக் கோப்பை வெளியாட்களைக் கூலிக்கு அழைத்து, ஆட்டம் முடிந்ததும் அனுப்பிவிடுகிற கழகங்களில், சொந்த ஊர்ப் பிள்ளை கோட்டுக்கு வெளியே நின்று கைதட்டுகிறான். அதற்குச் சான்றாகச் சப்ரிசாவைக் காட்டும் நிலை வரக்கூடாது.

ஆகவே கட்டுரைக்கு ஒரு திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இடம் குறைவென்றால், கழகம் 1935-இல் சிறுவர் அணியாகத் தொடங்கியது, 1949-இல் முதல் பிரிவை அடைந்தது, 1972-இல் மைதானம் பெற்றது, 2003-க்கு முன்பே இருமுறை கண்டத்தின் சாம்பியனாக இருந்தது என்ற நான்கு செய்திகள் போதும். கூடவே, தங்கள் நாகர்கோவில் பதிப்பில் குமரிக் கடற்கரைக் கழகங்களின் வரலாற்றையும் ஊர் ஊராக வெளியிட இடம் ஒதுக்கினால் நன்றாக இருக்கும். எந்தக் கழகம் எந்த ஆண்டில், யாருடைய முற்றத்தில் தொடங்கியது என்பதை அறிந்த பெரியவர்கள் இன்னும் சில ஊர்களில் இருக்கிறார்கள். பழைய வரவு செலவு நோட்டுகளும் ஒளிப்படங்களும் கழக அறைகளின் அலமாரிகளில் கிடக்கின்றன. தங்கள் செய்தியாளர் வருவதாக இருந்தால், எங்கள் பகுதி ஊர்களுக்கு அழைத்துச் செல்ல நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
குளச்சல், கன்னியாகுமரி மாவட்டம்.