தம்பிக்கு அம்மா எழுதுவது

ஈசூன், சிங்கப்பூர், செவ்வாய் இரவு

அன்புள்ள தம்பிக்கு,

அப்பத்தா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். கிருமித் தொற்றுக்குப் போட்ட பத்து நாள் ஊசி முடிந்தது, காய்ச்சல் இல்லை, கஞ்சி இறங்குகிறது. மெல்பர்னில் கடுங்குளிர் என்று செய்தியில் பார்த்தேன். நேரத்துக்குச் சாப்பிடு. லேப்பிலிருந்து வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவு. வசந்தா சித்தி மகளுக்குப் பொங்கோலில் வீடு கிடைத்துவிட்டது.

நீ அழைத்து மூன்று வாரம் ஆகிறது. வேலை என்று தெரியும், குறை சொல்லவில்லை. உன் அக்கா எவ்வளவு வேலையிலும் ஒரு நிமிஷம் பேசிவிடுவாள், அவ்வளவுதான்.

அன்றைக்கு வீடியோவில் நீ விளக்கியதை வார்டில் உட்கார்ந்து காலண்டர் தாளில் எழுதி வைத்தேன். கிருமிக்குள் பிளாஸ்மிட் என்று சின்ன டிஎன்ஏ வளையம் இருக்கும். மருந்தை எதிர்க்கும் ஜீன் அதில் இருக்கலாம். இரண்டு கிருமிகள் ஒட்டிக்கொண்டால் ஒன்று அதன் நகலை மற்றதற்குக் கொடுக்கும். தன் வாரிசுக்கு மட்டுமில்லை, வேறு இனத்துக்கும். உன் ஓ லெவல் வேதியியல் நோட்டு ஜெராக்ஸாகி வேறு பள்ளிப் பிள்ளைகள் வரை போனதே, அப்படித்தான் எனக்குப் புரிந்தது. உன் நோட்டும் உன்னிடமே இருந்தது. 1959-ல் ஜப்பானில் ஒச்சியாய், அகிபா ஆகியோர் வயிற்றுக்கடுப்புக் கிருமியையும் குடலில் சும்மா இருக்கும் ஈ.கோலையையும் சேர்த்து வளர்த்துப் பார்த்தபோது, நாலு மருந்துக்கான எதிர்ப்பும் ஒரே கட்டாக இனம் விட்டு இனம் போனது என்றாய். நர்ஸிடம்கூட இதைச் சொன்னேன், என் மகன் படிப்பது இதைத்தான் என்று.

அப்புறம் நீ கேட்டாய், அப்பத்தாவுக்கு மீதி ஆன்டிபயாட்டிக் மாத்திரை ஏதாவது கொடுத்தீர்களாம்மா என்று. இல்லை என்றேன். உன் முகம் மாறியதைப் பார்த்தேன்.

கொடுத்தேன் தம்பி. மாமா ஊரிலிருந்து கொண்டுவந்த சிப்ரோஃப்ளாக்சசின். பிப்ரவரியில் அப்பத்தா நீர்க்கடுப்பு என்றார், மூன்று நாள் கொடுத்தேன், எரிச்சல் அடங்கியதும் நிறுத்திவிட்டேன். ஏப்ரலில் மறுபடி இரண்டு நாள். கிளினிக்கில் காத்திருக்க அவரால் முடியாது என்று நானே முடிவு செய்தேன். ஆறாம் வகுப்பில் நீ பிஎஸ்எல்இ எழுதிய வருஷம் உனக்கும் சளிக் காய்ச்சலுக்கு அமாக்சிசிலின் கொடுத்தேன், பரீட்சை போய்விடுமே என்ற பயத்தில்.

மாத்திரை அந்த ஜீனை உண்டாக்காது, மற்ற கிருமிகளைக் கொன்று, வளையம் உள்ளதற்கு இடம் விட்டுக்கொடுக்கும் என்றாய். அந்த இடத்தை ஒழித்துக் கொடுத்தது என் கை. இப்போது சாதாரண மாத்திரை எதுவும் கேட்கவில்லை என்று டாக்டர் சொன்னபோதும் வாய் திறக்காமல் நின்றேன். உன் அப்பாவுக்கும் தெரியாது.

வியாழக்கிழமை பத்து மணிக்கு டாக்டரைப் பார்க்கப் போகிறோம். சொல்லிவிடுவேன். பிஸ்கட் டின்னில் இன்னும் ஒன்பது மாத்திரை இருக்கிறது, அட்டையைப் படம் எடுத்து இப்போதே அனுப்புகிறேன். அவரிடம் வேறு என்ன சொல்ல வேண்டும் என்று எழுது. புதன் இரவுக்குள் எழுது. சாப்பிட்டுவிட்டு எழுது.

அம்மா