கணவாய் கண்ணுக்குள்ள ஒரு லென்ஸ் இருக்கு சார்

ராமநாதபுரம் மாவட்ட கல்வித்துறை அதிகாரிகளுக்கும், நம்ம கடற்கரை ஊரு அறிவியல் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

நான் மண்டபம் பக்கத்து ஊர்க்காரி. அம்மா கடல்பாசி எடுக்கப் போனவங்க, வீட்டுக்காரருக்கு நாட்டுப்படகு, பையன் எட்டாவது. போன வாரம் அவன் கைடைப் பார்த்து ரெக்கார்டு நோட்டுல மீன் செவுள் வரைஞ்சிட்டிருந்தான். பத்தடி தள்ளி நான் நகரை மீன் கழுவுறேன், எந்திரிச்சு வந்து பார்க்கல. ஏன்டான்னா, "புக்குல உள்ள மாதிரி இல்லாட்டி டீச்சர் கோடு போட்ருவாங்கம்மா"ங்கிறான். அதைக் கேட்டதுலருந்து மனசு ஆறல, அதான் எழுதுறேன்.

இழுத்துட்டு வந்து செவுள் மூடியைத் தூக்கிக் காமிச்சேன். ஒரு பக்கத்துக்கு நாலு வளைவு, அவனே எண்ணுனான். ரத்தச் சிவப்பா சீப்புப் பல்லு மாதிரி இருக்கு, தண்ணிக்குள்ள விட்டா இழை இழையா விரியுது, வெளிய எடுத்தா எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்குது. "அதான் கரைக்கு வந்தா மூச்சு முட்டி சாகுதா"ன்னு அவனாவே கேட்டான் சார். நான் ஒண்ணும் சொல்லிக் குடுக்கல.

மறுநாள் ஊசிக்கணவாய், அதான் ஸ்க்விட். கண்ணைக் கீறுனா பாசிமணி கணக்கா உருண்டையா ஒரு லென்ஸ் வருது, அதைக் கழுவி பேப்பர் எழுத்து மேல வச்சா எழுத்து பெருசாத் தெரியுது! முதுகுக்குள்ள கண்ணாடி மாதிரி மெல்லிசா இறகு போல ஒண்ணு இருக்குமே, அதை உருவி, மைப்பையில தொட்டு, தன் பேரை எழுதுனான். மொத்தமே கால் கிலோ கணவாய். அவன் ஸ்கூல்ல மைக்ராஸ்கோப் இருக்காம், பீரோவுல பூட்டி இருக்காம்.

மீன் வேணாம்ங்கிற பிள்ளைகளைக் கட்டாயப்படுத்த வேணாம், அவங்களுக்கு கரைல ஒதுங்குற பாசியும் கடல்புல்லும் போதும். ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க, கடல்புல்லுக்கு வேர் இருக்கு, பூக்கும், விதை விடும். பாசிக்கு வேரே கிடையாது, பாறையைப் பிடிச்சிக்க அடியில ஒரு பிடிப்பு மட்டும்தான், சத்தெல்லாம் உடம்பு முழுக்க உறிஞ்சிக்கும். அந்தப் பிடிப்பை விட்டு வச்சா திரும்பத் தழைக்கும், அடியோட பிய்க்காதன்னு அம்மா சொல்றது இதுக்குத்தான். சின்னப்பாலத்து லட்சுமி அக்கா பாசி எடுக்குறவங்கதான், 2015ல சீகாலஜி விருது வாங்குனாங்க, தீவுகளோட இயற்கையைக் காப்பாத்துறவங்களுக்குக் குடுக்குற வெளிநாட்டு விருது அது. அந்த மாதிரி பெண்களை ஒரு நாள் வகுப்புல நிக்க வச்சுப் பேச விடுங்களேன்.

ஒண்ணு மட்டும் கண்டிப்பா இருங்க. கடல் அட்டை, கடல் குதிரை, பவளப்பாறை எதையும் பிள்ளைகள் எடுத்துட்டு வரக்கூடாது, 2001லருந்தே சட்டப் பாதுகாப்புல இருக்கு. மன்னார் வளைகுடா பூங்காவோட 21 தீவுப் பக்கமும் போகவேணாம். ஏலக்கடை மீனே நமக்குப் போதும்.

நான் கேக்குறது இவ்வளவுதான், மாசத்துக்கு ரெண்டு காலைப் பொழுது செய்முறைக்குன்னு ஒதுக்குங்க, டைம்டேபிள் பார்த்து இல்ல, படகு கரைக்கு வர்ற நாள் பார்த்து. ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகுக்குத் தடைக்காலம், அதுல பெரும்பகுதி லீவுலயே போயிரும். மீன் வாங்க ஸ்கூலுக்குக் கொஞ்சம் காசு, பத்து கை லென்ஸ், கை கழுவ சோப்பு. அப்புறம் பிள்ளை கண்ணால பார்த்து வரைஞ்ச படத்துக்கு மார்க் போடுங்க, கோணலா இருந்தாலும்.

கத்தி பிள்ளைகள் கையில குடுக்க வேணாம். அருவாமனையோட அம்மாமாரு நாங்க வர்றோம், முதல் பீரியடுக்குள்ள வெட்டி வச்சிருவோம். எந்த நாள்னு மட்டும் முந்தின நாள் சாயங்காலம் சொல்லிவிடுங்க.