துக்கம் கேட்க ஆள் வேண்டும்

கேரளத்தின் கொழிஞ்சாம்பாறை வட்டாரத்தில் உள்ள எங்கள் ஊர் மரண உதவிச் சங்கத்தின் பொறுப்பாளர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

இனிமேல் கருமாதியை 16ஆம் நாளுக்குப் பதிலாக 5ஆம் நாளிலேயே முடித்துக்கொள்வது என்றும், விரும்பும் வீட்டார் சாவறிவிப்பில் ‘துக்கம் விசாரிக்க வர வேண்டாம்’ என்று சேர்த்துக்கொள்ளலாம் என்றும் சென்ற கூட்டத்தில் எடுக்கப்பட்ட முடிவைக் குறித்தே இம்மடலை எழுதுகிறேன். முன்பாதியில் எனக்கு மறுப்பில்லை. பந்தலுக்கும் பந்திக்கும் கடன் வாங்கிவிட்டு, அதை அடைக்கத் தென்னந்தோப்பைக் குத்தகைக்கு விட்ட வீடுகளை நானும் அறிவேன். பின்பாதியை மட்டும் மறுபடி எண்ணிப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் என் தந்தையார் கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனையில் காலமானார். ஆம்புலன்ஸ் வேலந்தாவளம் சோதனைச் சாவடியைத் தாண்டுவதற்குள் நாற்காலிகளும் குளிர்பெட்டியும் சங்கத்திலிருந்து எங்கள் வாசலில் வந்து இறங்கிவிட்டன. அந்த நன்றியை மறக்கவில்லை. அன்றிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் என் தாயாரிடம் கேட்டது ஒன்றைத்தான்: “எப்படி ஆச்சு?” அவரும் ராத்திரி இரண்டு மணிக்கு அப்பா தண்ணீர் கேட்டதில் தொடங்கி, டம்ளரைப் பிடித்த கை நடுங்கியது, நர்ஸைக் கூப்பிட ஓடியது என்று ஒன்றுவிடாமல் சொல்வார். எனக்குப் பொறுக்கவில்லை. வாசலிலேயே நின்று, அம்மாவிடம் எதையும் கேட்காதீர்கள் என்று வந்தவர்களைத் தடுத்தேன். தெருமுனையிலிருந்தே அழுதுகொண்டு வந்து தோளைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்த அத்தைமார்களையும் அடக்கினேன். படித்தவன் செய்த மடத்தனம் அது.

சாம்பலைச் சிற்றூர்ப் புழையில் கரைத்தோம். மலையாளக் கவி எழுத்தச்சன் தம் கடைசிக் காலத்தைக் கழித்த குருமடம் இருக்கும் அந்த ஆற்றுக்குச் சோகநாசினி என்றும் பெயர் உண்டு. பெயரை நம்பி எதுவும் நடந்துவிடவில்லை. 16 முடிந்ததும் வீடு வெறிச்சோடிப் போனது. நான்கைந்து நாள் கழித்து, விடிகாலையில் பால் ஊற்ற வந்தவரை நிறுத்திவைத்து, தண்ணீர் கேட்ட கதையை அம்மா முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். அவரும் ஒரு காலைத் தரையில் ஊன்றி, வண்டியை அணைத்துவிட்டு, முழுவதையும் கேட்டார். கதை மாறியிருந்ததை அன்றுதான் கவனித்தேன். முதல் வாரத்தில் “நான் கண்ணசந்துட்டேன்” என்று முடிந்த கதை, இப்போது “தண்ணி குடிச்சுட்டுத்தான் போனாரு” என்று முடிந்தது. இத்தனை பேரிடம் சொல்லித்தான் அவர் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தார். நான் வாசலில் நிற்காமல் இருந்திருந்தால் இன்னும் முன்பே வந்திருப்பார்.

துக்கம் கேட்கப் போவது என்றுதானே நாம் சொல்கிறோம்? கேட்பதில் வினவுவதும் உண்டு, செவிகொடுப்பதும் உண்டு. என்ன சொல்வது என்று தெரியாமலே பலர் வராமல் நின்றுவிட்டு, செல்போனில் ‘ஆதராஞ்சலிகள்’ படம் ஒன்றை அனுப்பிவிடுகிறார்கள். சொல்வதற்கு எதுவும் வேண்டியதில்லை; “இன்னும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கலாம்” என்று சொல்லாதிருந்தால் அதுவே பெரிய உதவி. எங்கள் பக்கத்து வீட்டு மலையாளச் சேச்சி கஞ்சியும் சிறுபயறும் கொண்டுவந்து வைப்பார், ஒரு வார்த்தை பேசமாட்டார், பாத்திரத்தை வேண்டுமென்றே விட்டுப் போவார்; அதை எடுக்க மறுநாள் வர வேண்டுமே. நாமோ, துக்க வீட்டில் ‘போய்ட்டு வரேன்’ என்று சொல்லக் கூடாது என்பதால் சொல்லாமல் எழுந்து போகிறோம். பிறகு வராமலே இருந்துவிடுகிறோம்.

ஆகவே அறிவிப்பில் அந்த வரி வேண்டாம் என்பதோடு, இறப்பு நடந்த வீட்டுக்கு உறுப்பினர் குடும்பம் ஒன்றைப் பொறுப்பாக்கி, முதல் திதி வரை மாதம் ஒரு முறையேனும் அவர்கள் போய் உட்கார்ந்துவர ஏற்பாடு செய்ய வேண்டுகிறேன். 2008இல் பாலியேட்டிவ் கவனிப்புக்கென்றே, அதாவது தீரா நோயாளிகளின் வலியைத் தணித்துப் பேணுவதற்கென்றே, கொள்கை வகுத்த மாநிலம் இது. படுக்கையில் கிடப்பவரைத் தேடிப் பஞ்சாயத்து நர்ஸ் வீட்டுக்கே வருகிறார். அவர் வருகை நிற்கும் இடத்தில் நம் வருகை தொடங்கலாம்.

காகித வேலையும் இதில் அடங்கும். இறப்பை அது நடந்த ஊரில்தான், 21 நாளுக்குள், பதிய வேண்டும். கோவையில் இறந்தவருக்குச் சான்றிதழ் அங்கே, மற்ற எல்லாவற்றுக்கும் வில்லேஜ் ஆபீசும் தாலூக்கா ஆபீசும் இங்கே. எந்தத் தேதி, எந்த நேரம் என்று கவுண்டரில் கேட்டபோது அம்மா பதில் சொல்லத் தொடங்கி, எழுத்தர் நிமிரவே இல்லை என்பதைக் கண்டு பாதியில் நிறுத்திக்கொண்டார். மலையாளம் எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் துணைக்குப் போனால் அந்த வரிசையில் துக்கக்காரர் நிற்க வேண்டியிராது.

தெற்குத் தெருவில் கள்ளிறக்கும் அண்ணன் வீட்டில் சென்ற வாரம் காரியம் முடிந்தது. வரும் ஞாயிற்றுக்கிழமை மாலை அம்மாவும் நானும் அங்கே போகிறோம். கூட வர விரும்புவோர் நான்கு மணிக்கு எங்கள் வீட்டுக்கு வந்துவிடலாம்.

இப்படிக்கு,
சங்க உறுப்பினர் ஒருவன்