வென்டிலேட்டர் தருகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வன்னி வைத்தியசாலைகளுக்கு ஊர்ச் சங்கங்களும் புலம்பெயர்ந்த உறவுகளும் வென்டிலேட்டர் எனும் செயற்கைச் சுவாச இயந்திரம் அன்பளிப்புச் செய்யும் செய்திகளைப் பத்திரிகைகளில் அடிக்கடி பார்க்கிறேன். அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் நீண்டகாலம் தாதியாக இருந்தவள் நான். அவர்களுக்கு என் மனமார்ந்த நன்றி. கூடவே ஒரு வேண்டுகோள்: அடுத்த இயந்திரத்தை வாங்கும்போது, நோயாளியின் நுரையீரலில் எவ்வளவு காற்று நிற்கிறது என்பதை அது அளக்குமா என்று விசாரியுங்கள்.

மூச்சை வெளியே விட்ட பிறகும் நுரையீரலில் காற்று மிஞ்சும். சுகதேகியான வளர்ந்தவருக்கு அது சுமார் 2.5 லீற்றர், படுத்தால் குறையும். நுரையீரல் கெட்டுப்போனால் அதிலும் பாதிக்குக் கீழே இறங்கலாம்.

இரண்டு நோயாளிகளை நினைத்துப் பாருங்கள். ஒருவர் இரவில் பாயில் படுத்திருந்தபோது கண்டங்கருவளைப் பாம்பு கடித்து, மூச்சுத் தசைகள் இயங்காமல் வந்தவர். மற்றவர் வயலில் எலிக்காய்ச்சல் தொற்றி, நுரையீரலுக்குள் இரத்தம் கசிந்து வந்தவர். இருவருக்கும் ஒரே உயரம். ஒரு மூச்சுக்கு எவ்வளவு காற்று என்பதை உயரத்தை வைத்தே கணக்கிடுகிறோம். 2000ஆம் ஆண்டின் அமெரிக்க ஆய்வு ஒன்றில், நுரையீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டோருக்கு ஒரு மூச்சில், எடையில் கிலோவுக்கு 12 மில்லிலீற்றருக்குப் பதில் 6 கொடுத்தபோது இறப்பு 39.8 வீதத்திலிருந்து 31 வீதமாகக் குறைந்தது. அந்தக் கிலோவும் தராசில் நிறுத்த எடையல்ல, உயரத்திலிருந்து கணக்கிடுவதுதான். நல்ல விதி, எத்தனையோ உயிர்களைக் காத்த விதி. ஆனால் 170 சென்ரிமீற்றர் உயரமான ஆணுக்கு அது சுமார் 400 மில்லிலீற்றர் என்று சொல்லுமே தவிர, உள்ளே எவ்வளவு இடம் திறந்திருக்கிறது என்று சொல்லாது. தூர்ந்த குளத்தின் கட்டு வெளியே பார்க்க அதே கட்டுத்தான், கொள்ளளவுதான் இல்லை. பாம்பு கடித்தவரின் நுரையீரல் சாதாரணமாக ஏற்கும் அதே 400, மற்றவரிடம் மிஞ்சியிருக்கும் சிறு பகுதியை இழுத்துப் புண்ணாக்கலாம்.

சி.ரி. ஸ்கான் காட்டும்தான். ஆனால் அப்படிப்பட்ட நோயாளியைக் கட்டிலை விட்டு அசைப்பதே ஆபத்து. அவரை அசைக்காமலே அளக்க, நுரையீரலிலுள்ள நைதரசனைக் கழுவி அளக்கும் முறை ஒன்று உண்டு. 40 வீத ஒட்சிசன் போய்க்கொண்டிருந்தால் மிச்சம் 60 வீதம் நைதரசன். ஒட்சிசனை 50க்கு உயர்த்தினால், உள்ளே இருந்த நைதரசன் ஒவ்வொரு மூச்சாக வெளியேறி 50க்கு இறங்கும். அப்படிக் கூடுதலாக வெளியேறியது 150 மில்லிலீற்றர் என்றால், அது 10 வீத மாற்றத்தின் விளைவு. ஆக நுரையீரலில் இருந்த காற்று 1500 மில்லிலீற்றர். நைதரசனை நேரே அளக்கவும் வேண்டாம். மூச்சிலுள்ள ஒட்சிசனையும் காபனீரொட்சைட்டையும் அளந்தால் மிச்சம் அதுதான். குழாயைக் கழற்றாமலே சில நிமிடங்களில் முடியும். இவ்வளவு சிறிய மாற்றமே போதும் என்று சுவீடன் ஆய்வாளர்கள் 2005இலேயே காட்டிவிட்டார்கள்.

இந்த எண் மட்டும் ஆளைப் பிழைக்க வைக்கும் என்று நான் சொல்லவில்லை. குழாயில் கசிவு இருந்தால் கணக்குப் பிழைக்கும். 100 வீத ஒட்சிசனில் இருப்பவருக்கு மேலே கூட்ட இடமே இல்லை. மூச்சின் முடிவில் நுரையீரல் மூடிவிடாமல் இயந்திரம் வைக்கும் அழுத்தத்தைக் கூட்டும்போது கனவளவு உயர்ந்தால், மூடிக்கிடந்த பகுதி திறந்ததா, திறந்திருந்ததே இன்னும் ஊதியதா என்பதை வைத்தியர்தான் மற்ற அளவுகளோடு சேர்த்துத் தீர்மானிக்க வேண்டும். சரி, அப்படியானாலும் அவர் கையில் ஓர் அளவு இருக்குமே! எங்கள் பகுதியில் மாரி தொடங்கி வயலில் தண்ணீர் நிற்கும் காலத்தில் எலிக்காய்ச்சல்காரர் வந்து சேருவார்கள். அவர்களில் பலர் வீட்டுக்கு உழைக்கும் ஒரே ஆள்.

இந்த வசதி எல்லா இயந்திரத்திலும் இருக்காது. வாயுக்களை அளக்கும் பகுதியைத் தனியாக வாங்க வேண்டியும் வரலாம். அதன் உணரிகளும் வடிகட்டிகளும் தேய்ந்தால் மாற்ற வேண்டும். அவற்றுக்கும் பணம் ஒதுக்குங்கள். ஓடர் கொடுக்க முன்னர், அந்த வைத்தியசாலையின் அதிதீவிர சிகிச்சைப் பிரிவு வைத்தியரோடும் தாதியரோடும் ஒருமுறை பேசிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர்,
கிளிநொச்சி.