எடை பார்க்கும் நாளில் ஒரு திரை கட்டுங்கள்

பெருமதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர்களுக்கும், பள்ளி மேலாண்மைக் குழுக்களில் இருக்கும் பெற்றோர்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் பள்ளியில் அடுத்த மருத்துவ முகாம் நடக்கும்போது எடை பார்க்கும் இடத்தில் ஒரு திரை கட்டுங்கள். மாணவர் ஒவ்வொருவராக உள்ளே போகட்டும். எண்ணை யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டாம். முதலில் இந்தக் கோரிக்கையை வைத்துவிட்டு மற்றதைச் சொல்கிறேன்.

நான் உணவியல் ஆலோசகர். என்னிடம் வருபவர்களில் 12 வயதுக்கும் 18 வயதுக்கும் இடைப்பட்டவர்கள் நிறையப் பேர். பெரும்பாலும் அம்மாவோடு வருவார்கள். பேச்சு எங்கே தொடங்கினாலும், பலரிடம் கடைசியில் பள்ளியில் யாரோ சொன்ன ஒரு வார்த்தையில் போய் நிற்கும்.

எடை பார்ப்பது எப்படி நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். வராந்தாவில் மெஷின். ஒருவர் எண்ணைப் படிப்பார், நாலடி தள்ளி மேசையில் இன்னொருவர் பதிவேட்டில் எழுதுவார். மேசைக்குக் கேட்க வேண்டும் என்று உரக்கச் சொல்லும் எண், வரிசையில் நிற்கும் மொத்த வகுப்புக்கும் கேட்கும். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஏறி நின்றாள். "அறுபத்திரெண்டு" என்ற குரலும், பின்னால் ஒரு சிரிப்பும். அன்றிலிருந்து அவள் காலையில் சாப்பிடுவதில்லை. மதிய டப்பாவைத் தோழிகளுக்குக் கொடுத்துவிடுவாள். டப்பா காலியாக வருவதைப் பார்த்து அம்மாவுக்கு நிம்மதி. தலைசுற்றல், முடி கொட்டுதல், மாதவிலக்கு நின்றுபோனது என்று ஒவ்வொன்றாக வந்த பிறகுதான் என்னிடம் கூட்டி வந்தார். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9-க்கும் கீழே, அதாவது ரத்தசோகை.

எடை பார்ப்பதையே நிறுத்தச் சொல்லவில்லை. உயரத்தையும் எடையையும் பதிவு செய்வது அவசியம். வளர்ச்சி தடைபடுவதை அதை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறோம். ஆனால் அந்த எண்ணை வைத்து எந்தப் பிள்ளையைப் பற்றியும் வகுப்பு முடிவு கட்டிவிடக் கூடாது. உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் பி.எம்.ஐ.யில் பெரியவர்களுக்கான அளவை வளரும் பிள்ளைகளுக்கு அப்படியே பொருத்த முடியாது. வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்துப் பார்க்கும் வளர்ச்சி வரைபடம் அதற்கென்று இருக்கிறது. பூப்படையும் வயதை ஒட்டிப் பெண் பிள்ளைகளுக்கு இடுப்பிலும் தொடையிலும் கொழுப்பு சேர்வது உடம்பு தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது என்பதன் அடையாளம். பையன்களுக்கு வளர்ச்சி வேகம் பொதுவாக ஓரிரண்டு ஆண்டு பிந்தித்தான் வரும், அதுவும் ஒவ்வொருவருக்கு ஒவ்வொரு வயதில். அதனால்தான் எட்டாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் இருவர் அண்ணன் தம்பி போலத் தெரிகிறார்கள். இதை அறிவியல் ஆசிரியர் ஒரு பாடவேளை எடுத்து விளக்கினாலே, எத்தனையோ பிள்ளைகள் ராத்திரி கண்ணாடி முன் நின்று அழுவது குறையும்.

தமிழ்நாட்டின் நிலையைப் பாருங்கள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் மாநிலத்தில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. அதே ஆய்வில் 40.4 விழுக்காட்டுப் பெண்களுக்கு எடை அதிகம். இரண்டும் ஒரே ஊரில், ஒரே வீட்டில், பல சமயம் ஒரே உடம்பில் இருக்கின்றன. பார்வைக்குப் பருமனாக இருக்கும் பெண்ணுக்கு இரும்புச்சத்து இல்லாமல் இருக்கலாம். "உனக்கென்ன, நல்லாத்தானே இருக்கே" என்று அவளை எல்லோரும் கடந்துவிடுகிறார்கள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, மதிய வகுப்பில் கண் சொருகுகிறது. அவளுக்குக் கிடைக்கும் பெயர் சோம்பேறி. அவளைத் திட்டுவதற்கு முன் கீழிமையை லேசாக இழுத்து உள்பக்கம் வெளுத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

வாரம் ஒருமுறை கொடுக்கும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரை இதற்காகத்தான். அதில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. அரசின் நல்ல திட்டம் இது. ஆனால் எத்தனை மாத்திரை வாய்க்குள் போகிறது, எத்தனை ஜன்னல் வழியே வெளியே போகிறது என்பதை வகுப்பாசிரியர்கள் அறிவார்கள். மலம் கறுப்பாகப் போகிறது என்று பயந்து நிறுத்தியதாக மாணவிகளே என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அது இரும்பின் நிறம், ஆபத்தில்லை என்று முன்கூட்டியே சொல்லியிருந்தால் போதும். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். சாப்பிட்ட பிறகு கொடுங்கள். போட்டவுடன் டீ குடிக்க வேண்டாம், டீயில் உள்ள டானின் இரும்பை உடம்பில் சேரவிடாது. கூடவே ஒரு நெல்லிக்காயோ கொய்யாத் துண்டோ தின்றால் அதிலுள்ள வைட்டமின் சி இரும்பை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்கக்கூடிய விஷயங்கள்தான். எல்லாப் பள்ளியிலும் சொல்லப்படுகிறதா?

பாடம் நடத்தத் தனிப் புத்தகம் தேட வேண்டியதில்லை. 1956-இல் காமராஜர் தொடங்கி, 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கி, பிறகு முட்டையும் பயறும் சேர்ந்து வளர்ந்த மதிய உணவு தினமும் பிள்ளைகளின் தட்டுக்கு வருகிறது. அந்தத் தட்டையே பாடமாக வையுங்கள். முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம். 13 முதல் 15 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு சுமார் 45 கிராம் வேண்டும். மீதியை எங்கே தேடுவது என்று அவர்களையே கணக்குப் போடச் சொல்லுங்கள். சுண்டல், நிலக்கடலை, பாசிப்பயறு, மோர், மீன் என்று பதில் அவர்கள் வீட்டு அடுப்படியிலிருந்தே வரும். நூறு கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் கால்சியம், அதே அளவு பாலில் சுமார் 120 என்று கரும்பலகையில் எழுதிப் போடுங்கள். பாட்டி செய்யும் களியை ஏளனமாகப் பார்த்த பையன் அன்று வீட்டில் கேட்டு வாங்கிச் சாப்பிடுவான்.

பையன்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். உடல் தோற்றக் கவலை பெண் பிள்ளைகளுக்கு மட்டும்தான் என்ற எண்ணம் நம்மிடம் இருக்கிறது. ஓமக்குச்சி, காத்தடிச்சா பறந்துடுவே என்று கேட்டே வளரும் பையன் பதினொன்றாம் வகுப்பில் ஜிம்முக்குப் போகிறான். அங்கே யாரோ காட்டும் புரத மாவு டப்பாவுக்கு வீட்டில் சண்டை போட்டு இரண்டாயிரம் மூவாயிரம் வாங்குகிறான். தசையை வளர்க்கப் புரதப் பவுடர்களை நாட வேண்டாம் என்று ஹைதராபாதில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் தெளிவாகவே சொல்கிறது. அந்தப் பணத்தில் வீட்டுக்கே எத்தனை மாதம் முட்டை வாங்கலாம்! உடற்கல்வி ஆசிரியர் சொன்னால் அவன் கேட்பான். அவருக்குத் தன் பாடவேளை கிடைக்க வேண்டும், அவ்வளவுதான். தேர்வு நெருங்கினால் விளையாட்டுப் பாடவேளையைக் கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் வழக்கத்தை நிறுத்துங்கள். இந்த வயதில் நாளொன்றுக்கு 60 நிமிடமாவது உடம்பு அசைய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பருமனான பிள்ளைகளுக்கு விளையாட்டைத் தண்டனையாகக் கொடுக்காதீர்கள். "நீ மட்டும் ரெண்டு ரவுண்டு கூட ஓடு" என்று கேட்ட பிள்ளை பிறகு எப்படி விளையாட்டை விரும்பும்?

பள்ளி வாசலில் இருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களை விற்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு விதிமுறை இருக்கிறது. பள்ளிக்குள்ளே நடக்கும் கேன்டீனிலாவது அதைக் கடைப்பிடிக்கும் அதிகாரம் உங்கள் கையில்தான். 250 மில்லி கோலாவில் ஐந்து தேக்கரண்டிக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. அதைப் பிள்ளைகள் கண்ணெதிரே ஒரு டம்ளரில் கொட்டிக் காட்டுங்கள். ஆனால் பஜ்ஜி தின்றவனைப் பாவம் செய்தவனைப் போல நிறுத்தி வைத்துப் பேசாதீர்கள். நல்ல சாப்பாடு, கெட்ட சாப்பாடு என்று பயமுறுத்தினால் ஒளிந்து தின்பார்கள், இல்லையென்றால் தின்றதற்காகத் தங்களையே வெறுப்பார்கள். இரண்டையும் நான் பார்க்கிறேன்.

பட்டப்பெயர்களைப் பற்றி ஆசிரியர் கூட்டத்தில் நேரடியாகப் பேசுங்கள். குண்டு, தடியா, கறுப்பி என்று ஆசிரியர் வேடிக்கையாக ஒருமுறை அழைத்தால் வகுப்பு அதை ஆண்டு முழுக்க அழைக்கும். பெற்றோர்களே, உங்களுக்கும் இது பொருந்தும். விருந்தாளி முன்னால் "இவ இப்படியே ஊதிக்கிட்டே போனா யாரு கட்டிக்குவா" என்று சொல்லும் அம்மாக்கள் அன்பினால்தான் சொல்கிறார்கள். கேட்கும் பிள்ளைக்கு அது அன்பாகப் போய்ச் சேர்வதில்லை.

சாப்பாட்டைத் தொடர்ந்து தவிர்க்கும், சாப்பிட்டதும் கழிப்பறைக்குப் போய் வாந்தி எடுக்கும், மளமளவென்று இளைக்கும் பிள்ளையைக் கண்டால் வகுப்பில் கேட்காதீர்கள். பெற்றோரைத் தனியாக அழைத்துப் பேசி மருத்துவரிடம் அனுப்புங்கள். மருத்துவ ஆலோசனைக்கு 104-ஐ அழைக்கலாம், மனநல ஆலோசனைக்கு 14416 இருக்கிறது. இந்த இரண்டு எண்களையும் பள்ளி அறிவிப்புப் பலகையில் எழுதி வையுங்கள்.

பள்ளி மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்டத்தில் திரை, நீல மாத்திரை, விளையாட்டுப் பாடவேளை, பட்டப்பெயர் ஆகிய நான்கையும் பொருளாக வைத்துத் தீர்மானம் எழுதுங்கள். திரைக்குப் பழைய வேட்டி ஒன்று இருந்தால்கூடப் போதும். பேசுவதற்கு ஆள் வேண்டுமென்றால் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தைக் கேளுங்கள். என்னைப் போன்றவர்களை அழைத்தாலும் சம்பளம் கேட்காமல் வருவோம்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளைகளைத் தினமும் சந்திக்கும் ஓர் உணவியல் ஆலோசகர்