பூட்டும் போடமாட்டார்கள், சாவியும் தரமாட்டார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிக்கூடம் கொடுக்கும் மடிக்கணினியில் பிள்ளைகள் வீட்டில் எதைப் பார்க்கிறார்கள் என்று பெற்றோர்தான் கவனிக்க வேண்டும் என ஒரு வாசகர் உங்கள் நாளிதழில் எழுதியிருந்தார். கவனிக்க நான் தயார். ஆனால் எங்கள் வீட்டில் நடந்ததைக் கேட்டுவிட்டு, அது மட்டும் போதுமா என்று அவரே சொல்லட்டும்.

நான் கும்பகோணத்துக்காரி. கல்யாணமாகி மொரிஷியஸ் வந்து 15 வருடம் ஆகிறது. ரோஸ் ஹில்லில் ரவிக்கை தைக்கும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். மகனுக்கு 12 வயது. இங்கே பள்ளி வருடம் ஜனவரியில் தொடங்கும். இந்த ஜனவரியில் அவன் பள்ளியில் ஆளுக்கொரு மடிக்கணினி கொடுத்து, இரண்டு பக்கத் தாளில் எங்களிடம் கையெழுத்து வாங்கினார்கள். திரை உடைந்தால் யார் பணம் கட்டுவது, சார்ஜர் தொலைந்தால் என்ன செய்வது, எல்லாம் அதில் இருந்தது. ‘பாதுகாப்பான இணையம்’ என்று ஒரு வரியும் இருந்தது. அந்த வரியை நம்பினேன்.

ஒரு சனிக்கிழமை மாலை. இங்கிலாந்துக் கால்பந்து என்றால் இந்தத் தீவுக்கே பைத்தியம். எங்கள் வீட்டில் தாத்தாவும் பேரனும் லிவர்பூல் கட்சி. அன்றைக்கு டிவியில் வேறு ஆட்டம். பையன் பள்ளி மடிக்கணினியில் இலவசமாக ஆட்டம் காட்டும் தளம் ஒன்றைத் தேடிப் பிடித்தான். மாமனாரும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். அழுத்தினால் ஆட்டம் வரவில்லை. வேறொரு பக்கம் திறந்து, நான் இங்கே எழுத முடியாத படம் வந்தது. மூடினால் இன்னொன்று. “ஆயோ!” என்று மாமனார் போட்ட சத்தம் எனக்குச் சமையலறை வரை கேட்டது. (இங்கே யாரும் சாதாரணமாகச் சொல்வதுதான் ஆயோ. நம் ஐயோவின் பிள்ளை அது என்பது என் எண்ணம்.) நான் ஓடிவந்தபோது பையன் மடிக்கணினியைச் சாத்தி, அது மறுபடி திறந்துகொள்ளும் என்பதுபோல இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டிருந்தான். அவன் கெட்டது எதையும் தேடவில்லை. திருட்டுத்தனமாக ஆட்டம் காட்டும் தளங்கள் காசு பார்ப்பதே இப்படிப்பட்ட விளம்பரங்களில்தான்.

திங்கட்கிழமை பள்ளிக்குப் போனேன். “எங்கள் வளாகத்தில் வேண்டாத தளங்களைத் தடுக்கும் வடிகட்டி இருக்கிறது, வீட்டு இணையம் உங்கள் பொறுப்பு” என்றார்கள். அப்புறம்தான் விஷயம் புரிந்தது. வடிகட்டி மடிக்கணினிக்குள் இல்லை, பள்ளிக்கு வரும் இணைய இணைப்பில் இருக்கிறது. வீட்டு வைஃபையில் இணைந்தால் அதற்கு வேலையே இல்லை.

சரி, நம் பொறுப்பு என்றால் நாமே செய்வோம் என்று பெற்றோர் கட்டுப்பாட்டுச் செயலி ஒன்றை ஏற்றப் பார்த்தேன். மடிக்கணினியில் எதையும் ஏற்றவும் மாற்றவும் உரிமை தரும் அட்மின் கடவுச்சொல்லைக் கேட்டது. அது பள்ளியிடம் இருக்கிறது, தரமாட்டார்கள். தராததும் நியாயம்தான். எங்களுக்குத் தெரிந்தால் பிள்ளைக்குத் தெரிய எத்தனை நாள் ஆகும்? ஆனால் பூட்டையும் போடமாட்டேன், சாவியையும் தரமாட்டேன் என்றால் பெற்றோர் எதைப் பிடித்துக்கொண்டு பொறுப்பேற்பது?

பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பையன் எங்கள் வைஃபை ரவுட்டரில் டி.என்.எஸ். முகவரியை 1.1.1.3 என்று மாற்றிக் கொடுத்தான். கிளவுட்ஃபிளேர் நிறுவனம் 2020-ல் குடும்பங்களுக்காக இலவசமாகக் கொண்டுவந்தது இது. ஊர்ப் பெயரைச் சொன்னால் வழி சொல்லும் ஆள் மாதிரிதான் டி.என்.எஸ். அதே நிறுவனத்தின் சாதாரண முகவரியான 1.1.1.1 எல்லா ஊருக்கும் வழி சொல்லும். 1.1.1.3 ஆபாசத் தளங்களுக்கும் வைரஸ் பரப்பும் தளங்களுக்கும் வழி சொல்லாது. அரை மணி நேர வேலை, செலவு கிடையாது. மூன்று வாரம் நிம்மதியாக இருந்தேன். பிறகு பார்த்தால், பையன் தாத்தாவின் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் இணைத்திருக்கிறான். ரவுட்டர் பாவம், என்ன செய்யும்?

பையனை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. 2024 நவம்பர் தொடக்கத்தில், பொதுத்தேர்தலுக்குச் சில நாள் முன்பு, சமூக ஊடகங்களை முடக்கும்படி இங்குள்ள தகவல் தொடர்பு ஆணையம் உத்தரவு போட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் உடனே திரும்பப் பெற்றார்கள். அதற்குள் என் கடைக்கு வரும் பெண்கள் ஒருவருக்கொருவர் வி.பி.என். (தடையைச் சுற்றிக்கொண்டு வேறு வழியாக இணையத்துக்குப் போகவிடும் செயலி) ஏற்றிக் கொடுத்துவிட்டார்கள், ஊசியில் நூல் கோக்க என்னைக் கூப்பிடும் பாட்டி உட்பட. அந்த வி.பி.என். இருந்தால் 1.1.1.3-ஐயும் தாண்டிப் போகலாம். அதனால்தான் சொல்கிறேன், பூட்டு மடிக்கணினிக்குள்ளேயே இருக்க வேண்டும். மாணவனின் பள்ளிக் கணக்கோடு ஒட்டிக்கொண்டு, எந்த வைஃபைக்குப் போனாலும் அது கூடவே வர வேண்டும். மடிக்கணினி குரோம்புக் வகை ஆனாலும் விண்டோஸ் வகை ஆனாலும் இதற்கான வசதி இருக்கிறது. வி.பி.என். ஏற்றவிடாமலும் செய்யலாம். அட்மின் உரிமை வைத்திருப்பவரால்தான் அது முடியும்.

அதற்காகக் கண்டதையும் அடைத்துவிட வேண்டாம். தைப்பூசக் காவடி பற்றி எழுதச் சொன்னபோது, ஒரு சின்னக் கோயிலின் தமிழ்த் தளம் பள்ளியில் திறக்கவில்லை. ‘வகைப்படுத்தப்படாத தளம்’ என்று வந்ததாம். எங்கோ உட்கார்ந்து யாரோ போட்ட பட்டியலில் நம் முருகன் விட்டுப்போயிருக்கிறார். இங்கே தைப்பூசத்துக்கு நாடு முழுவதும் அரசு விடுமுறை என்பது அந்தப் பட்டியலுக்குத் தெரியுமா?

பாதுகாப்பு என்று சொல்லி எட்டிப்பார்ப்பதும் கூடாது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு பள்ளி நிர்வாகம், தான் கொடுத்த மடிக்கணினிகளின் கேமராவைத் தூரத்திலிருந்தே இயக்கி, வீட்டில் இருந்த மாணவர்களைப் படமெடுத்தது 2010-ல் வெளியே வந்தது. 6,10,000 டாலர் கொடுத்து வழக்கை முடித்தார்கள். அதைப் படித்த நாளிலிருந்து எங்கள் வீட்டு மடிக்கணினியின் கேமரா மேல் ஒரு லைனிங் துணித் துண்டு ஒட்டியிருக்கிறது.

அடுத்த வருடத்துக்கான தாள் போன வாரம் வந்தது. அதே இரண்டு பக்கம், அதே ‘பாதுகாப்பான இணையம்’. அதன் கீழே பேனாவால் மூன்று கேள்வி எழுதினேன். வீட்டில் எது பூட்டியிருக்கும், எது திறந்திருக்கும்? தவறாகப் பூட்டியதைத் திறக்க யாரைக் கூப்பிடுவது? கேமராவை இயக்க யாருக்கு அனுமதி? பதில் வந்த பிறகு கையெழுத்துப் போடுகிறேன் என்றும் எழுதி, பையனிடம் கொடுத்தனுப்பினேன். இன்னும் பதில் வரவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ரோஸ் ஹில், மொரிஷியஸ்